சொல்லும் சுரமும் பொருந்துமாறு

நம் கரிசற் சீமையின் கிளைப் பங்குகளில் திருப்பலிப் பாடல்கள் இன்றும் பெரும்பாலும் செவிவழியே வாழ்கின்றன. பாடல் நூலில் சொற்கள் உண்டு; மெட்டு இல்லை. மெட்டறிந்த முதியவர் மறைந்தால், மெட்டும் அவரோடு கல்லறை புகுகின்றது. அருப்புக்கோட்டையில் ஒருவிதமாயும் திருச்சுழிப் பக்கம் வேறுவிதமாயும் ஒரே பாடல் ஒலிப்பதைத் திருவிழாக்களில் கேட்கின்றோம்.

மெட்டைத் தாளில் ஏற்றும் முயற்சி நமக்குப் புதிதன்று. சென்னையில் வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவராகிய சின்னசாமி முதலியார், கருநாடக இசைப் பாடல்களை 1890-களிலேயே மேனாட்டு ஐங்கோட்டு முறையில் அச்சிட்டார். அவரது தூண்டுதலும் அரண்மனையின் ஆதரவும் கூடியதன் பயனாக, நமக்குத் தெற்கேயுள்ள எட்டயபுரத்தில், சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் அச்சேறியது. அந்நாளில் ஒவ்வோர் ஈய எழுத்தையும் கையால் கோத்தனர்.

இன்று அவ்வேலையைக் கணிப்பொறி செய்கின்றது. ஆலந்து நாட்டினர் இருவர் 1996-இல் தொடங்கிய 'லிலிபாண்டு' என்னும் நிரல் விலையின்றிக் கிடைக்கின்றது. சுரங்களை ஒரு வரியிலும் சொற்களை மற்றொரு வரியிலும் தட்டெழுதித் தந்தால், முதல் அசையை முதல் சுரத்தின்கீழ், அடுத்ததை அடுத்ததன்கீழ் என அது வரிசையாய் நிறுத்தும். அதற்குப் பொருள் தெரியாது. எண்ணிக்கை மட்டுமே தெரியும். பாவில் ஓர் இழை தப்பினால் என்னாகும் என்று நம் அருப்புக்கோட்டை நெசவாளரைக் கேட்க வேண்டுமா?

'ஆண்டவரே' என்னும் சொல்லையே பாருங்கள். எழுத்து ஐந்து. யாப்பிலக்கணப்படி அசை மூன்று: ஆண், டவ, ரே. பாடும்போதோ நான்கு: ஆண், ட, வ, ரே. ஒற்றெழுத்துக்குத் தனிச் சுரம் இல்லை. நிரையசை இரண்டாய்ப் பிரியும். புலவர் கணக்கும் பிள்ளைகளின் எழுத்துக் கணக்கும் இங்கே உதவா. அசைகளுக்கிடையே இரு சிறுகோடுகளை, முன்னும் பின்னும் இடம் விட்டு இடவேண்டும். இடம் விடாவிடில் சொல் முழுவதும் ஒரே சுரத்தின்மேல் ஏறி அமர்ந்துவிடும்.

'ரே' மூன்று சுரங்களில் இழையுமானால், சுர வரியில் முதற் சுரத்தை அடுத்துப் பிறை அடைப்பைத் திறந்து, மூன்றாவதை அடுத்து மூடவேண்டும். மறந்தால் அடுத்த சொல் முந்திக்கொண்டு வந்துவிடும். அங்கிருந்து ஈற்றடிவரை எல்லாம் இடம் மாறும். இரண்டாம் சரணத்தில் அசை குறைந்தால், வெறுமையாய் நிற்கும் சுரத்துக்கு ஓர் அடிக்கோடு போதும்.

நிரல் கண்டுபிடிக்க இயலாத பிழையும் ஒன்றுண்டு. எண்ணிக்கை சரியாயிருந்தும், குறில் நீண்ட சுரத்தின்கீழ் விழலாம். 'விண்' என்பதை நான்கு தட்டு நீட்டிப் பாடினால் மக்கள் செவியில் 'வீண்' என்றே விழும். திருப்பலியில் விண்ணகத் தந்தையைப் போற்றுமிடத்தில் இப்படி நேரலாமா? ஆகையால், அச்சுக்கு அனுப்புமுன் அப்பாடலை முன்பு கேட்டிராத ஒருவரைக்கொண்டு தாளைப் பார்த்துப் பாடச் செய்யுங்கள். மெட்டறிந்தவர் தாளிலுள்ள பிழையைத் தம்மையறியாமலே திருத்திப் பாடிவிடுவார்.