பேசிக் கேட்டால் பதில் வரும்

படிவம் நிரப்பித்தரும்படி இன்னொருவரிடம் கெஞ்சி நிற்பது இடம்பெயர்ந்த எமது மக்களுக்குப் பழகிப்போன வேதனை. இந்தியாவின் அரியானா மாநிலத்து பிவான் கிராமத்தில் 2023 ஏப்ரலில் ‘ஜுகல்பந்தி’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பரிசோதிக்கப்பட்டது. கைத்தொலைபேசியில், வாட்ஸ்அப் வழியே, தம் மொழியில் பேசிக் கேட்டால் அரச உதவித் திட்டங்களைப் பற்றி அம்மொழியிலேயே குரலில் விடை வரும். அவ்வாண்டு மே மாதமளவில் 10 மொழிகளும் 171 திட்டங்களும் அதில் அடங்கின.

பேச்சு எழுத்தாகி, ஆங்கிலமாகி, விடை தேடப்பட்டு, மொழிபெயர்ந்து மீண்டும் பேச்சாகிறது. இங்கேதான் நாம் தயங்குகிறோம். நாம் ‘உறுதி’ என்பது காணிப் பத்திரத்தை. கருவி அதை ‘நிச்சயம்’ என்று விளங்கிக்கொண்டால் விடையும் தடம்மாறும். இத்தகைய கருவி எமது ஊருக்கு வந்தால் ‘காணி உறுதி’ என்று முழுமையாகச் சொல்லிக் கேளுங்கள். விதானையாரிடமும் ஒருமுறை விசாரியுங்கள்.