கணக்கைத் திறப்பதும் மூடுவதும்

கண்டி தலதா மாளிகையில் தந்ததாது வைக்கப்பட்டிருக்கும் பேழையின் திறவுகோல்கள் ஒருவர் கையில் மட்டும் இருப்பதில்லை. மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் மகாநாயக்க தேரர்கள் இருவரும் தியவடன நிலமேயுமாகிய மூவரே அவற்றின் காவலர். தியவடன நிலமேயின் பதவிக்காலம் 10 ஆண்டுகள். பதவி கைமாறும்போது திறவுகோலும் அதனுடன் செல்லும்; பழையவரிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை. கணினியின் திறவுகோலாகிய கடவுச்சொல்லுக்கோ இந்த இயல்பு இல்லை. அது கொடுத்தவரிடத்தும் இருக்கும், பெற்றவரிடத்தும் இருக்கும். பணியிலிருந்து விலகுபவர் அதனை மேசைமீது வைத்துவிட்டுப் போக இயலாது.

கண்டிக்கு அண்மையில், மகாவலி கங்கையின் ஓரமாக, ஹந்தானை மலைச்சாரலில் அமைந்த பேராதனையை எண்ணிப் பார்க்கலாம். 1942இல் கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கே குடிபுகுந்தது. இத்தகைய பெருங்கலைக்கூடத்தில் ஆண்டுதோறும் ஓர் அணி மாணவர் புகுவர். ஓர் அணி வெளியேறுவர். தற்காலிக விரிவுரையாளர் சில மாதம் கற்பித்துவிட்டு வேறிடம் செல்வர். இலிகிதர் இடமாற்றம் பெறுவர். இவர்கள் கையாளும் புள்ளிப் பட்டியலும் விடுதிப் பதிவும் முன்னாளில் இரும்பு அலுமாரிக்குள் இருந்தன. அலுமாரியைத் திறக்க விரும்பியவன் கலஹாச் சந்தியைக் கடந்து, காவலாளியின் கண்ணில் பட்டே வரவேண்டும்.

அத்தகைய ஏடுகளை முகிற் கணிமையில் வைக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. முகில் என்ற பெயர் மயக்கம் தருவது. மும்பாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு பெருங்கட்டிடத்தில் வாடகைக்குக் கிடைக்கும் இயந்திரமே அது. அதன் வாயிலை உரிய காப்பின்றி விட்டால், கடவுச்சொல் அறிந்தவர் எந்த நாட்டிலிருந்தும் நுழையலாம். பணி விட்டுச் சென்ற ஒருவருடைய கணக்கு மூடப்படாதிருப்பின், அதன்வழி மாணவன் ஒருவனுடைய பெறுபேறு இரவோடிரவாக மாறிவிடக்கூடும். அந்த மாற்றம் விலகிச் சென்றவர் பெயரிலேயே பதிவாகும். அவரோ ஏதும் அறியார்.

இன்னாருக்கு இன்ன உரிமை எனத் தரவுத்தளத்திற்குள்ளேயே வகுக்கும் முறை புதியதன்று. உரிமையை வழங்கவும் மீளப் பெறவும் உரிய ஒழுங்கினைக் கிரிபித்ஸ், வேட் என்னும் ஐ.பி.எம். ஆய்வாளர் இருவர் 1976இல் விளக்கி எழுதினர். ஒருவர் படிக்கலாம்; ஒருவர் எழுதலாம்; ஒருவர் பிறருக்கு உரிமை அளிக்கலாம். தனி மனிதருக்கு நேரே உரிமை அளிப்பதிலும், புள்ளி பதிபவர், நூலகர் என்று பொறுப்புகளை வகுத்து ஆட்களை அவற்றுள் சேர்ப்பதே தெளிவான வழி.

இடர் எழுவது எண்ணிக்கையில். புதிதாக வந்தவர் தமக்குக் கணக்கு வேண்டுமென்று தாமே வந்து கேட்பார், கேட்டவுடன் கிடைத்துவிடும். மூடும்படி எவரும் வந்து கேட்பதில்லை. டெராபோம் போன்ற தன்னியக்கக் கருவிகள் பயன்படுவது இவ்விடத்திலேதான். 2014இல் வெளிவந்த அக்கருவி, ஒவ்வொரு கட்டளையாகப் பெற்றுத் தொழிற்படுவதில்லை. யார் யாருக்கு எந்தப் பொறுப்பு என்ற பட்டியலைக் கோப்பொன்றில் எழுதிவைத்தால், உண்மை நிலையை அதனோடு ஒப்பிட்டு, எதைச் சேர்க்கவேண்டும், எதை நீக்கவேண்டும் என்று முதலில் ஒரு திட்டம் காட்டும். பொறுப்பானவர் அதனைப் படித்து இசைவு தந்தபின்னரே செயல் நடைபெறும். பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கினால் கணக்கும் நீங்கும். யார் எப்போது நீக்கினார் என்ற வரலாறு கோப்பின் பழைய படிகளிலே கிடைக்கும்.

ஆயினும் இக்கருவியை மந்திரவாதியாகக் கொள்ளலாகாது. தன் குறிப்பேட்டில் ஏறாத கணக்கு அதன் கண்ணுக்குத் தெரியாது. முன்னர் எவரோ அவசரத்தில் கையாலே திறந்த கணக்கு அப்படியே கிடக்கும். ஆகவே முதன்முறை முழுக் கணக்கெடுப்பை மனிதரே செய்தாக வேண்டும். இன்னொன்று: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒருவர் சில அட்டவணைகளுக்கு உரிமையாளராக இருந்தால், அவற்றை வேறொருவர் பெயருக்கு மாற்றும்வரை அவருடைய கணக்கை அழிக்க அது மறுத்துவிடும். எரிச்சலூட்டும் மறுப்புத்தான், எனினும் நல்ல மறுப்பு. அத்தருணத்தில் நுழைவுரிமையை மட்டும் உடனே பறிக்கலாம். அப்போதும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் தொடர்பு தானாக அறுந்துவிடாது. அதனைத் தனியே துண்டிக்கவேண்டும். இவையெல்லாவற்றினும் கவனத்திற்குரியது கருவியின் குறிப்பேடே. கருவிகொண்டு கடவுச்சொல்லை அமைத்தால் அது பெரும்பாலும் அக்குறிப்பேட்டில் மறைவின்றிப் பதிந்துவிடும். பூட்டுகளை எண்ணிவைத்த ஏட்டைத் திண்ணையில் விட்டாற்போன்றது அது.

கணக்குகளின் தொகையைக் குறைப்பதும் ஒரு காப்பு. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் எடுரோம் சேவை இதற்கு நல்ல சான்று. பேராதனை மாணவர் அச்சேவையுள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சென்றாலும், அங்கே புதிய கணக்கின்றித் தம் சொந்தக் கணக்கினாலேயே இணையத்தை அடையலாம். அவர் யார் என்பதைச் சொந்தப் பல்கலைக்கழகமே உறுதிசெய்கிறது. அங்கே கணக்கை மூடினால் மற்ற இடங்களிலும் வாயில் மூடிவிடும்.

தற்காலிகப் பணியாளருக்கு இதனிலும் எளிய வழியொன்று உண்டு. போஸ்ட்கிரெஸில் கணக்கைத் திறக்கும் அன்றே கடவுச்சொல்லின் முடிவு நாளையும் குறித்துவிடலாம். நியமனக் கடிதத்திலே அந்த நாள் முன்னரே எழுதப்பட்டிருக்கும்; அதனைப் பார்த்து எழுதினால் போதும்.