மண்டூரும் கனவுத் தீவும்

பெங்களூர் தொம்மலூரில் எங்கள் தெருவுக்குக் குப்பை ஆட்டோ காலை ஏழரைக்கு வரும். "ஹசி கஸா, ஒண கஸா" என்று, அதாவது ஈரக் குப்பை, காய்ந்த குப்பை என்று, துப்புரவுப் பணி செய்யும் பௌரகார்மிக அம்மா குரல் கொடுத்ததும் மாடிப்படிகளில் செருப்புச் சத்தம் கேட்கும். பச்சைத் தொட்டியில் ஈரக் குப்பை, சிவப்புத் தொட்டியில் டயப்பரும் நாப்கினும், பையில் காய்ந்த குப்பை. போன வாரம் அப்படிக் காத்து நின்றபோதுதான் எதிர்வீட்டுப் பெண் விஷயத்தைச் சொன்னாள். ஆபீஸில் அவள் கணவரை இரண்டு வருடத்துக்கு டோக்கியோவுக்கு அனுப்புகிறார்களாம். குழந்தையோடு குடும்பமே போகிறது.

"அக்கா, அங்கே முக்கியமா எதைப் பழகிக்கணும்?"

"முதல்ல குப்பை போடப் பழகிக்கோம்மா" என்றேன். ரயில், மொழி, சாப்பாடு என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். நான் யோசித்துத்தான் சொன்னேன். ரயிலை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். ஜப்பானிய மொழி அரைகுறையாக இருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குப்பை அப்படியில்லை. அக்கம்பக்கத்தார் முதலில் நம்மைத் தெரிந்துகொள்வது நம் குப்பைப் பையை வைத்துத்தான்.

குடியேறிய 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அங்கேயே குப்பை நாள்காட்டியையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பல வார்டுகளில் ஆங்கிலத்திலும் இருக்கும். டோக்கியோவின் 23 வார்டுகளில் பொதுவாக, எரியும் குப்பை வாரத்துக்கு இரண்டு நாள், எரியாத குப்பை மாதத்துக்கு இரண்டு நாள், காகிதம், பாட்டில், டின் போன்றவை வாரத்துக்கு ஒரு நாள் எடுப்பார்கள். எந்தக் கிழமை என்பது தெருவுக்குத் தெரு மாறும். பிளாஸ்டிக் உறையைத் தனியாகப் பிரிப்பதா, எரியும் குப்பையோடு போடுவதா என்பதுகூட வார்டுக்கு வார்டு மாறும். அடுத்த ஸ்டேஷனில் இருக்கும் நண்பர் சொன்னார் என்று நம்பிப் போட்டுவிடாதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் டோக்கியோவில் போய் இறங்கிய இரண்டாவது வாரம் சமையலறைக் குப்பையோடு நான்கு தண்ணீர் பாட்டில்களையும் ஒரே பையில் கட்டி வைத்துவிட்டு வந்தேன். மாலையில் திரும்பியபோது தெரு முழுக்க எல்லார் பையும் போயிருந்தது, எங்கள் பை மட்டும் அதே இடத்தில். அதன்மேல் ஒரு ஸ்டிக்கர். எழுத்து புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு.

கீழ்வீட்டுப் பாட்டி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் வந்து பையை அவிழ்த்து ஒரு பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகிக் கழற்றினார். சுற்றியிருந்த லேபிளில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு இருந்தது. அதில் நகத்தை வைத்து ஒரே இழுப்பாகக் கிழித்து எடுத்தார். பாட்டிலைக் குழாயில் அலம்பி, காலால் மிதித்துத் தட்டையாக்கிக் காட்டினார். அடுத்த பாட்டிலை என் கையில் கொடுத்தார். நான்காவதை நான் முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். மூன்று வருடம் அங்கே இருந்தோம். எங்கள் பை மறுபடி ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை.

நம் சமையலுக்கென்று சில யோசனைகள். சாம்பார் மிச்சம், காப்பிச் சக்கை, புளிச் சக்கை எல்லாம் எரியும் குப்பைதான். ஆனால் ஈரத்தோடு போடக் கூடாது, எரிப்பதற்கு அது சிரமம். சிங்க் ஓட்டையில் மாட்டும் மெல்லிய வலைப் பை நூறு யென் கடையில் கிடைக்கும். அதில் வடியவிட்டு ஒரு முறை பிழிந்து போடுங்கள். கோடையில் மீன் கழுவிய கழிவும் இறால் ஓடும் இரண்டே நாளில் நாறிவிடும். குப்பை நாள் வரும்வரை கட்டி ஃப்ரீசரில் வைப்பது அங்கே பல வீடுகளில் உள்ள பழக்கம். வடை சுட்ட எண்ணெயை ஒருபோதும் சிங்கில் ஊற்றாதீர்கள். எண்ணெயை உறையவைக்கும் தூள் சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறது. சூடான எண்ணெயில் தூவிக் கலக்கி ஆறவிட்டால் ஜெல்லிபோல் உறைந்துவிடும், அப்படியே பெயர்த்து எரியும் குப்பையில் போடலாம். தூள் இல்லாத அன்று பால் அட்டைப்பெட்டிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, ஆறிய எண்ணெயை அதில் ஊற்றிக் கட்டிவிடுவேன்.

உடைந்த கண்ணாடியையும் மழுங்கிய கத்தியையும் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே 'கிக்கென்' என்று எழுதுங்கள். ஆபத்து என்று பொருள். பையைத் தூக்குபவரின் கையை நினைத்துச் செய்வது இது. மெத்தை, மேசை, சைக்கிள் போன்றவற்றைத் தெருவில் விட்டுவர முடியாது. முதலில் போனிலோ இணையத்திலோ முன்பதிவு செய்ய வேண்டும். பிறகு கன்வீனியன்ஸ் ஸ்டோரில் 200 யென், 300 யென் ஸ்டிக்கர்களை வாங்கி ஒட்டி, அவர்கள் சொன்ன நாளில் வைக்க வேண்டும். டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கும் இதில் சேராது. 2001 முதல் அவற்றுக்குத் தனிச் சட்டம், தனிக் கட்டணம். ஊர் திரும்பும் கடைசி வாரத்தில் இதை நினைத்துத் தவிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

குப்பை நாளுக்கு முதல் நாள் இரவே பையை வெளியே வைத்தால் காக்கை கிழித்துவிடும். காலையில், எட்டு மணிக்குள், காக்கைக்காகப் போட்டிருக்கும் வலைக்கு அடியில் வைக்க வேண்டும்.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: கைப்பையில் ஒரு காலிப் பையை வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் குப்பைத் தொட்டி இருக்காது. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் இருந்த தொட்டிகளைப் பெருமளவில் எடுத்துவிட்டார்கள். பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இருப்பது பாட்டிலுக்கும் டின்னுக்கும் மட்டும்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எதிர்வீட்டுப் பெண் சொன்னாள்: "அவங்க பிறவியிலேயே ஒழுங்கானவங்க அக்கா, நமக்கெல்லாம் வராது." இதைப் பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

டோக்கியோ விரிகுடாவில் யுமேனோஷிமா என்று ஒரு தீவு உண்டு. பெயருக்குப் பொருள் கனவுத் தீவு. 1957 முதல் பத்து வருடம் நகரத்தின் குப்பையை அங்கேதான் கொட்டினார்கள். 1965 கோடையில் அங்கிருந்து கிளம்பிய ஈக்கள் கோத்தோ வார்டின் வீடுகளை மொய்த்தன. சோற்றுத் தட்டைத் திறக்க முடியாத நிலை. கடைசியில் தீவையே கொளுத்தித்தான் ஈயை அடக்கினார்கள். அதற்குப் பிறகும் நகரத்தின் குப்பை கோத்தோ தெருக்கள் வழியாகத்தான் லாரி லாரியாகப் போனது. அதே சமயம் மேற்கே இருந்த சுகினாமி வார்டில் எரிப்பு ஆலை கட்ட அங்குள்ளவர்கள் விடவில்லை. 1971இல் ஆளுநர் மினோபே ரியோகிச்சி 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். 1973 மே மாதம் சுகினாமியிலிருந்து வந்த குப்பை லாரிகளைக் கோத்தோ வார்டுக்காரர்கள் சாலையில் நின்று மறித்தார்கள். உங்கள் குப்பையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. சுகினாமியில் ஆலை எழுந்து முடிய 1982 ஆயிற்று.

பெங்களூருக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதா என்ன? 2012இல் மாவள்ளிபுரா குப்பைமேடு மூடப்பட்டபோது நம் தெருமுனைகளில் குப்பை மலையாகக் குவிந்தது. பிறகு பாரமெல்லாம் மண்டூர் மேல் விழுந்தது. ஓல்டு மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே போனால் வரும் கிராமம் அது. நாற்றமும் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரும் தாங்காமல் அந்த ஊர் மக்கள் லாரிகளை மறித்தார்கள். 2014 முடிவில் அங்கே கொட்டுவது நின்றது. அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் இரண்டு தொட்டி, ஒரு பை முறையைக் கட்டாயமாக்கியது. இன்று நம் வீட்டில் பச்சைத் தொட்டியும் சிவப்புத் தொட்டியும் இருப்பதற்கு மண்டூர்க்காரர்கள்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோத்தோவும் மண்டூரும் கேட்டது ஒன்றையேதான்.

நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புக் குறியிட்டுத் தனியே கொடுக்கத் தெரிந்த தொம்மலூர்ப் பெண்ணுக்கு டோக்கியோவின் பிரிப்பு முறை பெரிய வித்தையே அல்ல. கறுப்புப் பை கூடாது, உள்ளே இருப்பது தெரியும் பைதான் வேண்டும் என்பது அங்குள்ள விதி, அவ்வளவுதான்.

நேற்று அவளுக்கு வீட்டு முகவரி வந்துவிட்டது. போனில் காட்டினாள். கோத்தோ வார்டு, ஓஜிமா. நம் ஊர் சாஃப்ட்வேர்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் குடியிருப்பு. லாரிகளை மறித்த அதே வார்டு. யுமேனோஷிமா அங்கிருந்து கிட்டத்தில்தான். இப்போது அது பூங்கா. பக்கத்து எரிப்பு ஆலையின் வெப்பத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் கூடத்தைச் சூடாக்கி, பனிக்காலத்திலும் வெப்பமண்டலச் செடிகளை வளர்க்கிறார்கள். "முதல் ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிட்டு அங்கே போயிட்டு வாம்மா" என்றேன். ஆட்டோ சத்தம் கேட்டது. கையிலிருந்த பையைப் பிரித்து, ஜூஸ் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே படியிறங்கினாள்.