உலகை இருமுறை சுற்றிய தாரிணி

பசிபிக் பெருங்கடலின் தென்பகுதி. மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று வீசுகிறது. ஏழு மீட்டர் உயரம்வரை அலைகள் எழுந்து விழுகின்றன. அருகில் கரையும் இல்லை, துறைமுகமும் இல்லை. அந்தக் கொந்தளிப்பின் நடுவே ஒரு பாய்மரப் படகு கிழக்கு நோக்கிச் செல்கிறது. அதில் இருப்பவர்கள் ஆறு பெண்கள்.

அவர்கள் இந்தியக் கடற்படை அதிகாரிகள். அவர்களுடைய படகின் பெயர் ‘தாரிணி’. லெப்டினன்ட் கமாண்டர் வர்த்திகா ஜோஷியின் தலைமையில் 2017 செப்டம்பர் 10ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்ட இக்குழு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா வழியாக உலகைச் சுற்றி, 2018 மே 21ஆம் நாள் கோவாவுக்கே திரும்பியது. பயணம் 254 நாள் நீடித்தது. அதில் 199 நாள் அவர்கள் கடலிலேயே கழித்தனர். கடந்த தொலைவு 21,600 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவும் ஏறத்தாழ இதுவேயாகும்.

இத்தகைய பயணத்தைத் தாங்கும் படகு எப்படி அமைந்திருக்க வேண்டும்?

உருவமும் எடையும்

தாரிணி கோவாவிலுள்ள ஒரு படகுக் கட்டுமானத் தளத்தில் உருவாக்கப்பட்டு, 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 17 மீட்டர். அகலம் 5 மீட்டர். எடை 23 டன். படகின் உடல் மூன்று அடுக்குகளால் ஆனது. நடுவில் மரமும் அதன் இருபுறமும் கண்ணாடி இழையும் உள்ளன. நடுவிலுள்ள மரம் உடலுக்குத் தடிமனைத் தருகிறது. வெளி அடுக்குகள் உறுதியைத் தருகின்றன. இதனால் எடை அளவுக்கு மீறிக் கூடாமலேயே படகு வலிமை பெறுகிறது.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். எப்படிச் சாய்த்தாலும் அது நிமிர்ந்து நிற்கும். அதன் எடை முழுவதும் அடிப்பகுதியில் இருப்பதே அதற்குக் காரணம். கடலோடும் பாய்மரப் படகுகளின் அடியிலும் துடுப்பு வடிவில் கனமான ஒரு பகுதி நீருக்குள் நீண்டிருக்கும். இது பெரும்பாலும் ஈயம் அல்லது இரும்பினால் செய்யப்படும். காற்றில் சாயும் படகை இந்தக் கனம் மீண்டும் நிமிர்த்துகிறது. படகு பக்கவாட்டில் நழுவிச் செல்லாமலும் தடுக்கிறது.

பாயும் காற்றும்

தாரிணியின் பாய்மரம் 25 மீட்டர் உயரமுடையது. அதாவது எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். அதில் முதன்மைப் பாய், முன்பாய், பின்காற்றுக்குரிய பாய், புயல் பாய் எனப் பலவகைப் பாய்களை ஏற்றலாம். இத்தனை பாய்கள் எதற்கு?

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது பாயை அழுத்தும் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். எனவே, காற்று வலுக்கும்போது மாலுமிகள் முதன்மைப் பாயைச் சுருக்குகின்றனர். புயலில் அதனை முற்றிலும் இறக்கிவிட்டு, சிறியதும் தடித்ததுமான புயல் பாயை ஏற்றுகின்றனர். உரிய நேரத்தில் பாயைச் சுருக்கத் தவறினால் பாய் கிழியலாம், பாய்மரமும் முறியலாம்.

பாய்மரம் முறிவது எளிதில் கடந்துவிடும் இடர் அன்று. 1999ஆம் ஆண்டில் மலேசியாவின் டத்தோ அஸார் மன்சோர், லங்காவியிலிருந்து ‘ஜாலோர் கெமிலாங்’ என்ற படகில் தனியாளாக உலகைச் சுற்றப் புறப்பட்டார். வழியில் அவருடைய பாய்மரம் முறிந்தது. அவர் மனம் தளராமல் அதனைச் சீர்செய்துகொண்டு, 190 நாள்களில் லங்காவிக்குத் திரும்பினார்.

வேகம்

படகு நீரைக் கிழித்துச் செல்லும்போது தன் முன்னே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீள்கிறது. அதன் நீளம் படகின் நீளத்தை எட்டியதும், படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற வேண்டியதாகிறது. கனமான படகால் அது எளிதில் முடியாது. ஆகவே, நீரைத் தொடும் பகுதியின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அப்படகு எட்டக்கூடிய வேகம் ஏறத்தாழ நாட் அளவில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, அந்நீளம் 49 அடி என்றால் வர்க்கமூலம் 7. வேகம் ஏறக்குறைய 9.4 நாட்.

ஆனால், காற்று எப்போதும் ஒரே சீராக வீசுவதில்லை. 21,600 கடல் மைலை 199 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 108 கடல் மைல் வரும். அதாவது மணிக்கு எட்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மாணவர் இதைவிட விரைவாகச் செல்வார்!

இதே அளவு நீளமுள்ள பந்தயப் படகுகள் இதைவிடப் பல மடங்கு எடை குறைந்தவை, மிக விரைவானவை. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய ‘வாந்தே குளோப்’ என்னும் உலகைச் சுற்றும் தனியாள் போட்டியில் முதலில் வந்தவர்கள் ஏறத்தாழ 80 நாளில் பயணத்தை முடித்தனர். எனினும், போட்டியைத் தொடங்கிய 33 பேரில் 25 பேர் மட்டுமே அதனை நிறைவு செய்தனர். ஒரு படகு அலையில் மோதி உடைந்தது. அதிலிருந்தவரைச் சக போட்டியாளர் ஒருவர் காப்பாற்றினார். பந்தயப் படகு வேகத்திற்காகக் கட்டப்படுவது. தாரிணி, தன்னை நம்பி ஏறியவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகக் கட்டப்பட்டது.

பழுதும் படிப்பினையும்

தாரிணியும் பழுதுக்கு விலக்கன்று. பயணத்தின் இறுதிக் கட்டத்தில் அதன் சுக்கான் இயக்கத்தில் கோளாறு ஏற்பட்டது. சுக்கான் இல்லாவிட்டால் படகைத் திசைதிருப்ப இயலாது. எனவே, குழுவினர் திட்டத்தில் இல்லாத நிறுத்தமாக மொரிசியஸ் தீவின் போர்ட் லூயிஸ் துறைமுகத்திற்குச் சென்று, பழுதைச் சரிசெய்த பின்னரே பயணத்தைத் தொடர்ந்தனர். விரைவில் வீடு சேர வேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கும் இருந்திருக்கும். ஆனால், கடலில் அவசரத்தைவிட நிதானமே உயிர் காக்கும்.

ஒரு படகின் தரத்தை அதன் வேகத்தைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. 2024 அக்டோபர் 2ஆம் நாள் அதே தாரிணி மீண்டும் கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டது. இம்முறை அதில் இருவர் மட்டுமே இருந்தனர். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. எட்டு மாதங்களுக்குப் பின், 2025 மே 29ஆம் நாள் தாரிணி அவ்விருவரையும் பத்திரமாகக் கரைசேர்த்தது.