மலைச்சரிவும் மனையும்

உணவும் உடையும் போல உறையுளும் மனிதனுக்கு இன்றியமையாதது. அவ்வுறையுளை உறுதியும் பயனும் அழகும் ஒருங்கே பொருந்த அமைக்கும் கலையே கட்டடக்கலையாம். முற்காலத்தில் ஆசானின் பக்கலிலிருந்து கைத்தொழிலாகக் கற்கப்பட்ட இக்கலை, இக்காலத்திற் கல்லூரிகளிற் பயிலப்படுகின்றது.

அக்கல்லூரிகளுள் இவ்வொரு துறையையே கற்பிக்கும் சிறு நிலையங்கள் தனிச்சிறப்புடையன. இலண்டனில் 1847 ஆம் ஆண்டிலே தோன்றிய கட்டடக்கலைச் சங்கம் நடத்தும் கல்லூரி அத்தகையது. அங்கே விரிவுரை மண்டபத்தினும் வரைகூடமே முதன்மை பெறும். மாணவன் குறித்த ஒரு நிலத்துக்கும் தேவைக்கும் ஏற்பக் கட்டடமொன்றை வரைந்து ஆசிரியர் முன் வைப்பான். மழைநீர் எவ்வழி வடியும், காற்று எவ்வழி நுழையும், இச்சுவர் ஈண்டு ஏன் எழுந்தது என்னும் வினாக்களுக்கெல்லாம் அவன் விடையிறுத்தல் வேண்டும்.

அக்கல்லூரியிற் பயின்றவருள் ஒருவர் கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா. 1948 இல் பிரித்தானிய வேத்தியற் கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண்மணி இவரே. தாயகம் மீண்ட இவர் கண்டியில் அமைத்த கருணாரத்தின இல்லம் 1951 இல் நிறைவெய்தியது. மலையை வெட்டிச் சமனாக்காது, சரிவுக்கு இயைய வீட்டின் தளங்களைப் படிப்படியாக இறக்கியமை அதன் சிறப்பு. 1958 இல் வட்டபுளுவைக் குடியிருப்பை வகுத்தபோது, அங்கு வாழப்போவோரிடம் வினாக்கொத்துகளை அளித்து, அவர்தம் தேவைகளை அறிந்த பின்னரே வீடுகளை வரைந்தார். நிலத்தைக் கேட்டலும் மாந்தரைக் கேட்டலுமே இக்கல்வியின் இரு கண்கள் என்பது இவற்றாற் புலனாகும்.

கண்டிக்குத் தெற்கே ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களை நோக்குவார்க்கு, இவ்விரண்டும் கேளாது கட்டப்பட்டவற்றின் விளைவு விளங்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதாகிய காம்பராக்களை வரிசையாகக் கோத்தவையே லயன்கள். சில லயன்களில் இரு வரிசைகள் முதுகொட்டி நிற்கும். அவற்றின் பின்சுவரிற் சாளரத்துக்கு இடமில்லை. அடுப்புப் புகையும், மழலையின் உறக்கமும், மாணவரின் படிப்பும் ஒரே கூரையின்கீழ் நெருக்குண்டன. கூலிகளைத் தங்கவைக்கும் நோக்கமன்றிக் குடும்பம் வாழும் நோக்கம் அவ்வமைப்பில் இருந்ததில்லை.

நிலத்தைக் கேளாமையின் கொடுமையை, 2014 ஒக்டோபர் 29 இல் ஊவா மலையகத்து மீரியபெத்தையில் லயன்களை மூடிய மண்சரிவு உணர்த்திற்று. சரிவை வெட்டுமிடத்துத் தாங்குசுவரும் நீர்வடிகாலும் இன்றியமையாதன. சில சரிவுகளிற் கட்டாதிருத்தலே அறிவுடைமை.

இந்திய உதவியுடன் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி அளவினதாகத் தனிவீடுகள் எழுந்தமை போற்றத்தக்கது. ஆயினும், ஒரே வரைபடம் எல்லாச் சரிவுக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்துமோ? இவ்வினாவுக்கு விடைகாண வல்லார், ஈரவிறகு புகையும் அடுப்பங்கரையையும், கொழுந்து பறித்து நனைந்து வருவோர் கம்பளியை உலர்த்த இடந்தேடும் இஸ்தோப்பையும் நன்கறிந்த மலையக மாணவரே. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும், கொழும்பிலுள்ள சிற்றி ஸ்கூல் ஒவ் ஆக்கிடெக்சர் என்னும் சிறு கல்லூரியிலும் இத்துறை கற்பிக்கப்படுகின்றது. மருத்துவமும் பொறியியலும் நாடும் நம் இளைஞர் இக்கலையையும் நாடுவாராக. பிறர் வரைந்த காம்பராவில் வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள், தம்மவர் வாழும் மனையைத் தாமே வரையும் நாள் மலர்வதாக.