உப்புக்காற்றும் பழைய காரின் புகைக்குழாயும்

மன்னார்த் தீவு கடலால் சூழப்பட்ட மணல் நிலம். பெருநிலத்தோடு அதனை இணைப்பது ஒரு நீண்ட தாம்போதியே. அத்தாம்போதியில் 2010ஆம் ஆண்டு புதிய பாலம் திறந்துவைக்கப்பட்டது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இங்கே காற்று ஓய்வதில்லை. 2020ஆம் ஆண்டில் முப்பது பெருங்காற்றாலைகளை இத்தீவில் நாட்டி மின்சாரம் எடுக்கத் தொடங்கியமையே அக்காற்றின் வலிமைக்குச் சான்று. காற்றாலைக்கு நன்மை செய்யும் அதே காற்று, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களையும் சுமந்துகொண்டு வருகிறது. அவ்வுப்பு கூரைத் தகட்டிலும் படியும். சைக்கிள் சங்கிலியிலும் படியும். வாசலில் நிற்கும் பழைய மோட்டார் காரின் அடிப்பாகத்திலும் படியும்.

இலங்கையில் பழைய கார்கள் நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. 1960களிலும், 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையிலும், புதிய கார்களை இறக்குமதி செய்வது மிகவும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. எனவே இருந்த மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் பழுது பார்த்துப் பார்த்தே மக்கள் ஓட்டினர். பின்னர் வந்த போர்க்காலம் வடபகுதியில் இப்பழக்கத்தை மேலும் உறுதிப்படுத்தியது. இத்தகைய கார் ஒன்றின் புகைக்குழாய் துருப்பிடித்துவிட்டால் என் செய்வது? பழைய வார்ப்பிரும்பு மெனிபோல்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹெடர் எனப்படும் எஃகுக் குழாய்த் தொகுதியைப் பூட்டிவிடலாம் என்று பலர் ஆலோசனை கூறுவர். அவ்வாலோசனை எவ்வளவு பொருத்தம் என்பதை அறிய, முதலில் மெனிபோல்ட் செய்யும் வேலையை அறிதல் வேண்டும்.

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் பெற்றோல் எரிந்து முடிந்தபின், அதன் புகை வால்வு வழியாக வெளியே தள்ளப்படுகிறது. சிலிண்டர்த் தலையின் பக்கத்தில் பூட்டப்பட்டு, அப்புகை யாவற்றையும் ஒன்றுசேர்த்து ஒரே குழாயில் விடுவதே மெனிபோல்டின் முதல் வேலை. எஞ்சின் பாரம் இழுக்கும்போது இவ்விடத்துப் புகை பல நூறு பாகை வெப்பத்தில் இருக்கும். ஒவ்வொரு பயணத்திலும் மெனிபோல்ட் சூடேறி விரிகிறது. நின்றபின் குளிர்ந்து சுருங்குகிறது. இதனைப் பல்லாண்டு தாங்குவதற்காகவே அது தடித்த வார்ப்பிரும்பில் செய்யப்பட்டது.

இனி உப்பின் தொழிலைக் காண்போம். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது, சோற்றுப்பு காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரைந்துவிடும். எனவே கடற்கரையில் மழை பெய்யாத இரவிலுங்கூட இரும்பின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று உண்டாகலாம். ஒட்சிசனும் நீரும் கூடி இரும்பைத் துருவாக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு அவ்வினையை விரைவுபடுத்தும். காலையில் எஞ்சின் சூடேறத் துருப் படலம் உதிர்ந்து, புதிய இரும்பு வெளிப்படும். மறுநாள் இரவு அதற்கும் அதே கதிதான்.

ஆயினும் மேற்பரப்பில் செந்நிறத் துரு தெரிவதால் மட்டும் மெனிபோல்ட் கெட்டுவிட்டதாகக் கருதலாகாது. வார்ப்பிரும்பு தடித்தது, மேலே துருவேறிய நிலையிலும் பல ஆண்டுகள் பணி செய்யும். அஞ்ச வேண்டியவை வெடிப்பும், சிலிண்டர்த் தலையோடு பொருந்தும் முகப்பு கோணிப்போதலும், பூட்டியிருக்கும் ஸ்டட்டுகள் அரிக்கப்படுதலுமே. காலையில் எஞ்சினைத் தொடக்கியதும் 'டிக் டிக்' என்று ஒலி எழுந்து, சூடேறியபின் அது மறையுமாயின், குளிர்ந்த நிலையில் எங்கோ ஓர் இடைவெளி இருக்கிறது என்று பொருள். இணைப்பின் அருகே கருநிறக் கரி படிந்திருத்தலும் அதனையே உணர்த்தும்.

இக்கசிவை இரைச்சல் என்று மட்டும் எண்ணி அலட்சியம் செய்தல் ஆபத்து. எஞ்சின் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் ஒட்சிசனை ஏற்றுச் செல்வதை அது தடுத்துவிடும். மெனிபோல்டை அரித்த உப்பு, காரின் அடித்தகட்டையும் அரித்து ஓட்டையாக்கியிருக்கக்கூடும். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு இரவில் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு வரும் காரில், பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் களைப்பால் உறங்குகின்றனரா, நச்சுவாயுவால் மயங்குகின்றனரா என்பதை முன்னிருக்கையில் இருப்பவர் அறிய இயலாது. தலைவலியும் குமட்டலும் காரில் ஏறியபின் தோன்றி, இறங்கியபின் நீங்குமாயின், அந்தக் காரை அன்றே நிறுத்திப் பழுது பார்த்தல் வேண்டும்.

ஹெடர் என்பது யாது? புகைத் துவாரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நீண்ட எஃகுக் குழாய் வைத்து, அவற்றைச் சற்றுத் தொலைவில் ஒன்றாக்குவதே அதன் அமைப்பு. ஒரு சிலிண்டரின் புகை மற்றொன்றின் புகையோடு மோதாது. முன்னே விரைந்து செல்லும் புகை பின்வருவதையும் இழுத்துச் செல்லும். மொரிஸ் மைனரில் 1952 முதல் பொருத்தப்பட்ட ஏ வரிசை எஞ்சினில் சிலிண்டர்கள் நான்காயினும் புகைத் துவாரங்கள் மூன்றே. நடுத் துவாரம் இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்குப் பொதுவானது. ஆதலால் அதற்குரிய ஹெடரில் மூன்று குழாய்களே உண்டு. இதன் பயன் எஞ்சின் விரைந்து சுழலும்போதே மிகுதியாகத் தெரியும். சந்தைக்கும் கோயிலுக்கும் மெல்ல ஓடும் குடும்பக் காருக்கு அது பெரும் இலாபமன்று.

பழைய மெனிபோல்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இவ்வெஞ்சினில் பெற்றோல் கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளிவரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டபடி அமைந்துள்ளன. புகையின் வெப்பம் உட்செல்லும் பெற்றோலை ஆவியாக்க உதவுகிறது. 1990களில் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, மக்கள் சிறிதளவு பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கார்களை ஓட்டினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதன்று. சூடான மெனிபோல்டின் அண்மை அங்கே பேருதவியாயிற்று. ஹெடர் பூட்டினால் இவ்வெப்பம் பெரும்பாலும் நீங்கிவிடும். குளிர்நாட்டில் இது தொல்லை தரும். மன்னாரின் வெப்பத்தில் பெற்றோலில் ஓடும் காருக்கு அவ்வளவு தீங்கில்லை. எனினும் காபரேற்றரை மீண்டும் சீர்செய்தாக வேண்டும்.

இனி முக்கியமான வினாவுக்கு வருவோம். வார்ப்பிரும்பையே அரித்த காற்று, அதனினும் மிக மெல்லிய எஃகுக் குழாயை விட்டுவைக்குமா? சாதாரண எஃகு ஹெடரின் சுவர் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பே உடையது. உப்புக்காற்றில் அது பழைய மெனிபோல்டுக்கு முன்னரே ஓட்டையாகும் என்பதில் ஐயமில்லை. வெப்பத்தைக் காக்கத் துணிநாடா சுற்றுவதும் இங்கே ஆகாது. நாடா உப்புநீரை உறிஞ்சிக் குழாயோடு அணைத்து வைத்திருக்கும். துருவேறா எஃகில் செய்த ஹெடர் நெடுநாள் உழைக்கும். ஆனால் விலை மிகுதி. அது சாதாரண எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும் இயல்புடையதாதலால், விரிவுக்கு இடம் விட்டுப் பூட்டாவிடின் ஒட்டிடங்களில் வெடிக்கும்.

எதனைப் பூட்டினாலும் கழற்றும் வேலையே கடினமானது. துருப்பிடித்த ஸ்டட்டைப் பலங்கொண்டு திருகினால் அது சிலிண்டர்த் தலைக்குள் முறிந்து நின்றுவிடும். சில நாட்களுக்கு முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, எண்ணெயைத் துடைத்தபின் நட்டைச் சூடாக்கிக் குளிரவிட்டு, முதலில் இம்மியளவு இறுக்கிப் பின்னர் தளர்த்துவது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் முறை. புதிய ஸ்டட்டுகளுக்குப் பித்தளை நட்டு இட்டால் துருவால் ஒட்டிக்கொள்ளாது. முகப்பு கோணியிருந்தால் லேத்துப் பட்டறையில் சமப்படுத்தி, புதிய கேஸ்கட் வைத்தல் வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியபின் நட்டுகளை மீண்டும் இறுக்குவதை மறத்தலாகாது. புகைக்குழாயைக் கியர்ப்பெட்டியின் அருகே உறுதியாகத் தாங்கவைத்தலும் வேண்டும். இல்லையேல் எஞ்சின் அசையுந்தோறும் அதன் பாரம் முழுவதும் புதிய குழாயின் கழுத்தில் விழும்.

ஆகவே வெடிப்பில்லாத வார்ப்பிரும்பு மெனிபோல்டைத் துருவின் நிறத்தைக் கண்டு எறிந்துவிட வேண்டியதில்லை. துருவைச் சுரண்டி, முகப்பைச் சீராக்கி, வெப்பந்தாங்கும் பூச்சுப் பூசினால் அது மேலும் பல்லாண்டு உழைக்கும். வெடித்ததாயின், அதே வகையில் நல்ல பழைய மெனிபோல்ட் ஒன்றைத் தேடுவது முதல் வழி. அது கிடையாதவிடத்துத் துருவேறா எஃகு ஹெடர் அடுத்த வழி. எதுவாயினும், எஞ்சின் நன்றாக ஆறியபின் வாரம் ஒருமுறை காரின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுதல் நலம். உவர்க்கிணற்று நீரால் கழுவுவது உப்பின்மேல் உப்பைச் சேர்ப்பதேயாகும்.