கருத்தரங்குக்கு ஆள் வரவேண்டுமென்றால்

தோட்டத்தில் கருத்தரங்கு என்றால் ஏற்பாடு செய்பவர்களுக்கு முதல் கவலை, "சனம் வருமா?" என்பதுதான். பேச ஆள் வந்துவிடுகிறார். கதிரை போட்டாச்சு, தேத்தண்ணியும் ரெடி. வந்த சனமோ முன்வரிசைக்கே காணாது. "எங்க ஆளுகளுக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாம் அதை ஏற்பதில்லை. அழைத்த விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஊழியர் சேமலாப நிதி பற்றிய கருத்தரங்கையே எடுத்துக்கொள்வோம். "ஊழியர் சேமலாப நிதி தொடர்பான விழிப்புணர்வுக் கருத்தரங்கு. அனைவரும் வருக" என்று ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். இதை வாசிக்கும் ஒருவருக்கு அதில் தன் காரியம் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "செக்ரோலில் உங்க பேர் ராமாயி, அடையாள அட்டையில் ராமாயம்மா. 50 வயதில் ஈ.பி.எப். பணம் எடுக்கப் போனால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை வந்து கேளுங்க." இதற்கு ஆள் வரும். ஏனென்றால் பெயர் பிழையால் பணம் கிடைக்காமல் அலைந்த ஒருவரையாவது ஒவ்வொரு லயத்திலும் தெரியும்.

விஷயம் சின்னதல்ல. சம்பளத்தில் நூற்றுக்கு 8 நம்மிடம் பிடிபடுகிறது, தோட்டம் 12 போடுகிறது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 தோட்டமே கட்டவேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். 5 வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்து விலகுபவருக்குச் சேவைக்காலப் பணமும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்பது 1983 ஆம் ஆண்டுச் சட்டம். 20 வருடம் கொழுந்து பறித்தவருக்கு 280 நாள் சம்பளம்! இந்தக் கணக்கை அழைப்பிலேயே போட்டுவிடுங்கள். "பயனுள்ள தகவல்கள் வழங்கப்படும்" என்ற வரியை எடுத்துவிடலாம். அதைப் பார்த்து யாரும் மலையேறி வரமாட்டார்கள்.

அடுத்தது நேரம். இதில்தான் அநேகமான கூட்டங்கள் படுத்துவிடுகின்றன. வேலை நாளில் காலை 9 மணிக்குக் கூட்டம் வைத்தால் வருகிறவருக்கு அன்றைய பேர் போய்விடும். பின்னேரம் 5 மணிக்கு வைத்தால் ஆம்பிளைகள் வருவார்கள். பொம்பிளைகள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தண்ணி பிடித்து, அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள். மலையில் கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் இல்லாமல் சேமலாப நிதி பற்றி யாரிடம் பேசுவது? நேரத்தை முடிவுசெய்யுமுன் மாதர் சங்கத்தில் நாலு பேரைக் கேளுங்கள். பிள்ளை மடுவத்து அக்காவிடம் பேசி, கூட்டம் முடியும் வரை சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்யலாம். சம்பள நாளும் திருவிழா நாளும் வேண்டவே வேண்டாம்.

யார் சொல்கிறார் என்பதும் முக்கியம். முந்தி தப்பு அடித்துப் பெரட்டுக்குக் கூப்பிட்டது போல, கூப்பிடும் சத்தம் மட்டும் இன்றைக்குப் போதாது. பெரட்டில் ஒரு தரம், மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போது ஒரு தரம், கோயிலில் ஒரு தரம் சொல்லுங்கள். கணக்கப்பிள்ளை சொன்னால் "துரை வரச்சொன்னாராம்" என்று நினைப்பார்கள். ஒரு சங்கத் தலைவர் மட்டும் சொன்னால் மற்றச் சங்கத்தார் வரமாட்டார்கள். எல்லாத் தலைவர்களையும் சேர்த்துக்கொள்வதே புத்தி. எல்லாரையும் விட நன்றாக அழைக்கக்கூடியவர், பெயரைத் திருத்திப் பணம் எடுத்து முடித்த ஒரு பாட்டி. "நான் போய் எடுத்தேன் பிள்ள, நீயும் போய்க் கேளு" என்று அவர் லயத்துப் பீலியடியில் சொல்வது பத்து அறிவித்தலுக்குச் சமம்.

கொழும்புக் கடைகளில் வேலைசெய்யும் நம் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். விடுமுறைக்கு வந்திருப்பவர்களையும் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பினால் வாசிக்கத் தெரியாத பெரியவர்களும் கேட்பார்கள்.

என்ன கொண்டுவரவேண்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்: அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கைவசமுள்ள சம்பளத்துண்டு. கையில் தாள் இருந்தால் அங்கேயே பெயரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்னுரித்தாளியைப் பதிந்தாயிற்றா என்றும் விசாரிக்கலாம். பதியாமல் ஒருவர் இறந்துபோனால் பணத்தை எடுக்கக் குடும்பம் படும்பாடு கொஞ்சமல்ல.

கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் இன்னொரு தரம் லயம் லயமாகப் போய் ஞாபகப்படுத்துங்கள். சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். பெயர் பிழையுள்ளவர்களின் பட்டியலை எழுதி எடுத்து, யார் எப்போது தொழில் திணைக்களக் காரியாலயத்துக்குக் கொண்டுபோவது என்பதை எல்லாருக்கும் முன்னாலேயே பேசி முடித்துவிட்டுக் கலையுங்கள். அந்த வேலை நடந்தால் அடுத்த கருத்தரங்குக்கு ஆள் தேடவேண்டிய அலைச்சல் பாதியாகக் குறையும்.